லாட்ஜ் சோதனைக்கு ஒரு மரியாதையான பெண்மணி

சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். போன வாரச் சண்டை விபச்சாரத் தடுப்பைப் பற்றி. வயது வந்த பெண் தன் விருப்பத்தில் இந்தத் தொழிலில் இருந்தால் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, பிறகு எதற்கு லாட்ஜ் லாட்ஜாகப் புகுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். விருப்பமாவது வெங்காயமாவது, நாங்கள் புகாவிட்டால் ஏமாற்றிக் கூட்டிவரும் பெண்களை யார் மீட்பது என்று இன்னொருவர் மேஜையைத் தட்டினார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மருமகள், "நீங்க இன்னா சொல்றீங்க அத்தை? இதுலயே தானே இத்தினி வருஷம் இருந்தீங்க?" என்றாள்.

"இதுல இல்ல, போலீஸ்ல இருந்தேன்" என்று திருத்தினேன். பிறகு சட்டம் ஒழுங்கு, சமுதாயம், சீர்கேடு என்று மைக் கிடைத்த மாதிரி அரை மணி நேரம் பேசினேன். அவள் பீன்ஸை அடுப்பில் வைத்துவிட்டு, "அப்ப புகணுமா, புகக் கூடாதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சம்பவம்தான், அதைச் சொன்னால் என் மானம் போகும். ஓய்வு பெற்றவளுக்கு அந்தக் கவலை எதற்கு என்று இப்போது எழுதுகிறேன்.

நான் செஞ்சியில் பல வருடம் ஏட்டாக இருந்தவள். கடைசியில் சிறப்பு எஸ்.ஐ. ஆக்கி, தோளில் நட்சத்திரம் ஏறிய சூட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சிப் பள்ளியில் கயிறு ஏறவும் வெயிலில் மயங்காமல் நிற்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். என் உடம்புவாகுக்குக் கயிறுதான் பயந்தது. ஆளைப் பார்த்ததும் எடை போடுகிற வித்தையை மட்டும் நானே கற்றுக்கொண்டதாக எனக்கு ஒரு நினைப்பு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவனைப் பார்த்தால், இவன் கோட்டை பார்க்க வந்தவன், இவன் மார்க்கெட் கமிட்டியில் நெல் போட வந்தவன், இவன் நெல் போட்ட காசைத் தொலைக்க வந்தவன் என்று சொல்லிவிடுவேன். "என் கண்ணு எக்ஸ்ரே மிஷினு" என்று ஸ்டேஷனில் பீற்றிக்கொள்வேன். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். டீ வாங்கித் தருகிறவள் நான்தானே.

லாட்ஜ் சோதனைக்குப் பெண் போலீஸ் கட்டாயம் வேண்டும் என்பதால் என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். சோதனை முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். பிடிபட்ட பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். மறுநாள் "லாட்ஜில் அழகிகள் சிக்கினர்" என்று செய்தி வரும். ஒருமுறை நான் மப்டியில் போயிருந்தேன். படத்தில் முகத்தை மூடாமல் பளிச்சென்று நின்றவள் நான் ஒருத்திதான். காலையில் என் சித்தி மகள் போன் செய்து, "அக்கா, பேப்பர்ல அழகிங்கன்னு போட்டு உன் போட்டோ போட்டுக்கீறாங்களே, இன்னா விஷயம்?" என்று அழுதாள். எனக்கு அதில் வருத்தம் பாதி, சந்தோஷம் பாதி. என்னை அழகி என்று அச்சில் போட்டது அந்த ஒரு தடவைதான்.

இந்தச் சோதனைகளில் பெரிய தலைவலி வேறு. சட்டப்படி போலீஸ் மட்டும் உள்ளே நுழைந்துவிட முடியாது. பொதுமக்களில் மரியாதைக்குரிய இரண்டு பேர் சாட்சியாகக் கூட வர வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆண் சாட்சி கிடைத்துவிடுவார். லாட்ஜுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்படாத ஆம்பிளை யார்? பெண் சாட்சியைப் பிடிப்பது என் பொறுப்பு. மரியாதையான பெண் எந்த ஊரில் லாட்ஜுக்கு வருவாள்? டீச்சரம்மாவைக் கேட்டால், "எங்க வீட்டுக்காரரு தொலைச்சிப்புடுவாரு" என்பார். வளையல் கடை அம்மா என் தலையைக் கண்டதும் ஷட்டரை இறக்கிவிடுவார். எதிர்வீட்டுக்காரி, "அந்த வாசலை மிதிச்சா எம்பேரு இன்னாவுறது?" என்று கேட்டாள். வராவிட்டால் கேஸ் போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரி மேல் கேஸ் போட்டுவிட்டு நான் எந்தத் தெருவில் குடியிருப்பது?

கடைசியில் ஒரு இட்லிக்கடை அம்மா சிக்கினார். கூப்பிட்ட குரலுக்கு வருவார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். ஊரில் எந்த லாட்ஜில் சோதனை என்றாலும் அவர்தான் சாட்சி. ஒருநாள் மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, செஞ்சியில எந்த லாட்ஜுக்குப் போலீஸ் போனாலும் அந்த வாசல்ல நீங்க எப்படி நிக்கறீங்க?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. இட்லிக்கடை அம்மாவும் சிரித்தார். நான் மட்டும் கூரையைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பிக்பாக்கெட்டைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். வெள்ளைக் கைக்குட்டையை நான்காக மடித்து மேஜைமேல் வைத்து, அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "சட்டம் என்ன சொல்லுதும்மா?" என்று கேட்பார். கெட்ட வார்த்தையில் திட்டுகிற அதிகாரிகளிடம் பல வருடம் குப்பை கொட்டியவள் நான். திட்டினால் காதில் போட்டுக்கொள்ளாமல் போய்விடலாம். இவரிடம் அது முடியவில்லை, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் சட்டப் பிரிவை எங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். இட்லிக்கடை அம்மாவை இனிமேல் கூப்பிடக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான்.

ஒருநாள் தகவல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு லாட்ஜ். மேனேஜரே புரோக்கர், வெளியிலிருந்து பெண்களை வரவழைத்துத் தொழில் நடத்துகிறான், பகல் பன்னிரண்டு மணிவாக்கில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்றார்கள். இரண்டு தெரு தள்ளி ஜீப்பை நிறுத்தினோம். ஆண் சாட்சியாக உரக்கடைக்காரர் ஒருவர் அப்போதே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றார். "பெண் சாட்சி எங்கம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் பஸ்களுக்கு மஞ்சள் புடவைக் கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். "அம்மனைப் பாக்கப் போறேன், என்னை எங்க கூப்புடற?" என்று ஒருத்தி கும்பிட்டுவிட்டு ஓடினாள். இன்னொருத்தி திட்டினாள். அப்போதுதான் அவலூர்பேட்டை பஸ் நிற்கிற இடத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். கசங்காத காட்டன் புடவை, நெற்றியில் அளவாகக் குங்குமம், கையில் மடக்குக் குடை, தோளில் பை. கூட்டத்தில் இடிபடாமல் ஒதுங்கி நின்றாள். என் எக்ஸ்ரே மிஷின் உடனே ரிப்போர்ட் கொடுத்தது: ஸ்கூல் கிளார்க், இல்லாவிட்டால் கூட்டுறவு வங்கி.

பேர் கேட்டேன். வசந்தா என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் பயப்படவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "எந்த லாட்ஜு?" என்றாள். சொன்னேன். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்:

"எல்லா ரூமையும் பாப்பீங்களா, ரெண்டு மூணு பாத்துட்டு வந்துடுவீங்களா?"

"எல்லாத்தையும் பாப்போம்."

"அப்ப வரேன்."

முதல் கேள்வியிலேயே ஒத்துக்கொண்ட ஒரே பெண்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தி, "சார், நீங்க கேட்ட மாதிரியே மரியாதையானவங்க" என்றேன். அவர் அவளை வணங்கி, நன்றி சொல்லி, சட்டப் பிரிவைப் படித்துக் காட்டினார். அவளும் பதிலுக்கு வணங்கினாள்.

லாட்ஜுக்குள் நுழைந்தோம். மேனேஜர் எங்களைப் பார்த்து எழுந்தான். எங்களுக்குப் பின்னால் வந்த வசந்தாவைப் பார்த்ததும் அவனுக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. நான் அதைப் போலீஸ் பயம் என்று மனதில் எழுதிக்கொண்டேன். முதல் மாடியில் ஓர் அறையைத் தட்டினோம். வேட்டியும் பனியனுமாக ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். மப்டியில் இருந்த எங்கள் யாரையும் அவர் கண் பார்க்கவில்லை. நேரே வசந்தாவைப் பார்த்து, "வந்துட்டியா? இன்னாத்துக்கு இவ்ளோ பேரைக் கூட்டினு வந்துக்கீற?" என்று கேட்டார்.

உரக்கடைக்காரர் இருமினார்.  யாருக்காகப் பன்னிரண்டு மணிவரை காத்திருந்தோமோ, அவளையே பஸ் ஸ்டாண்டில் தேடிப் பிடித்து, மரியாதைக்குரிய சாட்சியாகக் கூட்டிவந்திருக்கிறேன்! தமிழ்நாடு போலீஸில் வேறு யாருக்கும் இந்தப் பெருமை கிடைத்திருக்காது.

இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை. "இவர் உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவருதான் சார்" என்றாள் வசந்தா. "என்னை அப்பறம் கேளுங்க. ஓடியா போயிடப்போறேன்? மொதல்ல மொட்டை மாடியப் பாருங்க."

"மொட்டை மாடி பாத்தாச்சு. பெட்ஷீட்டு காயுது, வேற ஒன்னுமில்ல" என்றேன் நான். வந்ததும் முதல் வேலையாக மேலே ஏறி, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தேன். படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"அந்த பெட்ஷீட்டுக்குப் பின்னாடி பாத்தீங்களா ஏட்டம்மா?"

பார்க்கவில்லை. மறுபடி ஏறினோம். கொடியில் நெருக்கமாகத் தொங்கிய ஈரப் போர்வைகளை விலக்கினால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தகர அறை. வெளியே பூட்டு. மேனேஜர் அது பழைய சாமான் ரூம் என்றான். இன்ஸ்பெக்டர் "திறங்க" என்றார். உள்ளே ஒரு பெண் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வெயிலில் தகரம் காய்ந்து அறை அடுப்பு மாதிரி கொதித்தது.

"நீயாத்தான் வந்தியாம்மா?" என்று கேட்டேன். அவள் என் தோளுக்கு மேல் பார்த்து, "நானாத்தான் வந்தேன். எனக்கு வயசு பத்தொம்போது" என்று ஒப்பித்தாள். என் பின்னால் படியில் மேனேஜர் நின்றான். இன்ஸ்பெக்டர் அவனைக் கீழே அனுப்பினார். இந்த மாதிரி விசாரணையைப் பெண்கள்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம், ஆகவே உரக்கடைக்காரரை இழுத்துக்கொண்டு தானும் தள்ளிப் போய், கோட்டை மலையைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டார். வசந்தா தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். குடித்து முடித்ததும் அந்தப் பெண் பேசினாள். மலைக் கிராமம். துணிக்கடை வேலை என்று மேனேஜர் கூட்டி வந்திருக்கிறான். போனைப் பிடுங்கிக்கொண்டு, தப்பித்தால் ஊருக்குப் போட்டோ அனுப்புவேன் என்று மிரட்டியிருக்கிறான். குளிக்க இறக்கிவிட்டபோது குழாயடியில் வசந்தாவிடம் ஒரே ஒரு தடவை, "அக்கா, என்னை எங்கம்மாகிட்ட கூட்டினு போ" என்று கேட்டிருக்கிறாள்.

"உடனே வந்து சொல்றதுக்கு இன்னா?" என்று நான் வசந்தாவிடம் எரிந்து விழுந்தேன்.

"வந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? அந்த ரூமைப் பாக்கறதுக்கு முன்னாடி என்னை உள்ள வெச்சிருப்பீங்க. இன்னிக்கு நீங்களே வந்து கூப்ட்டீங்க. நானும் வந்தேன்."

அவள் சொன்னது உண்மை. உள்ளே வைத்திருப்போம். பேப்பரில் அழகி என்றும் போட்டிருப்பார்கள்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்து வைத்தார். நான் சமயோசிதமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "சார், இவங்க பேரை எடுத்துடலாம். இட்லிக்கடை அம்மா ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காங்க, இப்பவே வந்து கையெழுத்துப் போட்டுடுவாங்க" என்றேன்.

"சோதனையப்போ கூட இருந்தது யாரும்மா?"

"இவங்கதான் சார்."

"அப்ப இவங்கதான் சாட்சி." பிறகு வசந்தாவிடம் திரும்பினார். "சாட்சியா வந்தவங்களை நான் குற்றவாளி ஆக்க மாட்டேன். ஆனா கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீல் விட மாட்டார். நீங்க யாருன்னு மேனேஜருக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னாடி கேப்பாங்க. உங்களுக்கு வேணாம்னா இப்பவே சொல்லுங்க. கேஸ் பலவீனமாகும், ஆனா நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

வசந்தாவுக்கு அப்போதுதான் முகம் மாறியது. அவளுக்கு ஒரு மகள், நர்சிங் படிக்கிறாள். அம்மா செஞ்சியில் ரெடிமேட் துணி கம்பெனியில் சூப்பர்வைசர் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். புருஷன் விட்டுப் போன நாளிலிருந்து அந்தப் பொய்யைத்தான் வசந்தா கட்டிக் காத்துவந்திருக்கிறாள். கோர்ட்டில் வாயைத் திறந்தால் மகளுக்குத் தெரிந்துவிடும். திறக்காவிட்டால், பெண் சாட்சி இல்லாத சோதனை செல்லாது என்று சொல்லி மேனேஜர் வெளியே வந்துவிடலாம், அந்த மலைக் கிராமத்துப் பெண்ணின் போட்டோவும் அவன் கையிலேயே இருக்கும். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வருவாள் என்று நான் நம்பவில்லை. என் கணிப்பின் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

வழக்கு விழுப்புரத்தில் நடந்தது. மலைக் கிராமத்துப் பெண் கூண்டில் ஏறிய நாளில் யாரும் பார்க்காதபடி கோர்ட் கதவை மூடிவிட்டார்கள், நல்ல காரியம். வசந்தாவுக்கு யாரும் கதவை மூடவில்லை. வேறு கேஸுக்கு வந்தவர்கள், ஜூனியர் வக்கீல்கள், செஞ்சி முகங்கள் சிலது என்று பெஞ்சு நிறைய ஆள். நான் பின்னால் நின்று, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்த லாட்ஜுக்கு இதுக்கு முன்னாடி போயிருக்கீங்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பித்தார்.

"போயிருக்கேன்."

"எதுக்கு? கோட்டையைச் சுத்திப் பாக்க வந்து ரூம் போட்டீங்களா?"

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. வசந்தா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தொழிலுக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. வக்கீல் நீதிபதியைப் பார்த்து, "மரியாதைக்குரிய பெண் சாட்சி வேணும்னு சட்டம் சொல்லுது. போலீஸ் யாரைக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு கனம் கோர்ட்டார் கவனிக்கணும்" என்றார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. பிளந்தாலும் என் உடம்புக்கு அந்தப் பிளவு போதாது.

"ஐயா, நான் ஒன்னு சொல்லலாமா?" என்று வசந்தா கேட்டாள். நீதிபதி தலையை ஆட்டினார். "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல இந்த ஏட்டம்மா எத்தினியோ பொம்பளைங்களைக் கெஞ்சினாங்க. நான் பாத்துக்கினே இருந்தேன். ஒருத்தரும் வரல. அல்லாரும் பஸ் ஏறிட்டாங்க. அந்தப் பொண்ணு தகர ரூம்ல கெடந்துச்சு. அதனால நான் வந்தேன்."

நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார். வக்கீல் வேறு கேள்விக்குப் போனார். பிறகு தீர்ப்பு வந்தபோது சோதனை செல்லும் என்று சொல்லி மேனேஜரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அது பல மாதம் கழித்து.

சாட்சி சொன்ன அன்று வசந்தாவை நான் தனியாக விடவில்லை. யூனிஃபார்மோடு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போய், மெய்க்காப்பாளர் மாதிரி பக்கத்தில் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஏட்டம்மா. போலீஸ்கூட நிக்கறதைப் பாத்தா நாலு பேரு என்னைத் தப்பா நினைப்பாங்க."

நான் உண்மையாகவே தள்ளிப் போய் வெள்ளரிப்பிஞ்சுக் கூடைக்காரி பக்கத்தில் நின்றுகொண்டேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். "அட, வாங்க! சும்மா சொன்னேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.  நான் காலையிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"பொண்ணுக்கு இனிமே தெரிஞ்சிடுமே வசந்தா."

"நானே சொல்லிட்டேன். ஊரு சொல்லிக் கேக்கறதுக்கு என் வாயால கேக்கட்டும்னு லீவுல வந்தப்ப உக்கார வெச்சி சொல்லிட்டேன். சாப்புடல, பேசல, மொகத்தைத் திருப்பினு படுத்துக்கிச்சு. நானும் ஒன்னும் கேக்கல. இன்னா கேப்பேன்?"

"அப்பறம்?"

"இன்னிக்குக் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு புடவை கட்டினு இருந்தேன். கையி ஒதறுது, கொசுவம் நிக்கல. பொண்ணு எழுந்து வந்து கீழ குந்தி, மடிப்பை ஒன்னொன்னா எடுத்து விட்டுச்சு. 'நேரா நில்லும்மா'ன்னுச்சு. அவ்ளோதான் பேசிச்சு."

செஞ்சி பஸ் வந்தது. எனக்குக் கண்ணீர் மறைத்து எந்தப் பக்கம் ஏறுவது என்றே தெரியவில்லை. வசந்தாதான் கூட்டத்தில் முண்டி உள்ளே போய், ஜன்னல் வழியாகக் குடையை நீட்டி எனக்கும் சேர்த்து இடம் போட்டாள்.